கிண்ணம் நிறைய உமி

கூண்டுப் பறவை வளர்ப்பவர்களின் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. 26 வருஷமாகக் கிளி வளர்த்து, தப்புச் செய்து, பறவை மருத்துவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவள். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் தீனி பற்றியவை.

அக்கா, எங்கள் காக்டெயில் கிளிக்கு நாலு வயது. விதைக் கலவைதான் போடுகிறோம். அதிலும் சூரியகாந்தி விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடுகிறது. “காட்டுக் கிளி விதைதானே தின்கிறது, அதுதான் இயற்கை உணவு” என்கிறார் என் கணவர். சரியா? காய்கறி வைத்தால் தொடவே மாட்டேன் என்கிறது.

உங்கள் கணவர் சொல்வதைத்தான் நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். காட்டுக் கிளி விதை தின்பது உண்மை. ஆனால் அது காய்ந்து, மாதக்கணக்கில் பையில் கிடந்த விதை இல்லை. பால் பிடித்த பச்சை விதையும் உண்டு, முற்றியதும் உண்டு. கூடவே மொட்டு, பூ, கொழுந்து, பழம் என்று பருவத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தேடிப் பல கிலோமீட்டர் பறக்கவும் வேண்டும். நம் கிளி பறப்பது கூண்டிலிருந்து திரைச்சீலை வரை. காட்டுத் தீனியில் ஒரே ஒரு பங்கை எடுத்து, காட்டு உழைப்பை விட்டுவிட்டு, அதற்கு ‘இயற்கை’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கால்சியம் சொற்பம், வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். கொழுப்பு ஈரலில் படியும். வைட்டமின் ஏ குறைந்தால் என்ன ஆகும் என்பதை என் முதல் காக்டெயிலின் வாய்க்குள் நேரில் பார்த்தேன். குளிர்காலம் முழுக்கத் தும்மியது. தூசு என்று நினைத்துக் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் அலகைத் திறந்து டார்ச் அடித்தார். கிளியின் மேலண்ணத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு உண்டு. அதன் ஓரத்தில் பூனை நாக்கு மாதிரி சின்னச் சின்ன முட்கள் வரிசையாக நிற்க வேண்டும். என் பறவைக்கு அவை தேய்ந்து மழுங்கிப் போயிருந்தன. வைட்டமின் ஏ குறையும்போது மூக்கு, வாய், மூச்சுக்குழல் இவற்றின் உட்தோல் இப்படித்தான் தடித்துக் கெட்டுப்போகும். பிறகு கிருமி நுழைவது சுலபம்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து விதையை எல்லாம் கொட்டிவிட்டு பெல்லட்டும் (சத்துகளை அரைத்துக் கலந்து சின்னக் கட்டிகளாக்கி விற்கும் தீனி) கேரட்டும் வைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. பெல்லட் கிண்ணம் தினமும் கலைந்திருந்தது, அடியில் தூளும் இருந்தது. தின்கிறது என்றே நம்பினேன். மூன்றாம் நாள் எடை போட்டால் 92 கிராம் பறவை 81 கிராம். அலகால் நொறுக்கி விளையாடியிருக்கிறதே தவிர, ஒரு பொடிகூட உள்ளே போகவில்லை. எச்சமும் கொஞ்சமாக, கரும்பச்சையாக இருந்தது. அது பட்டினியின் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உடனே விதையைத் திருப்பி வைத்தேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, ஒரு கிராம் தராசு வாங்குவது. சமையலறையில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு போதும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். ஒன்றிரண்டு கிராம் ஏறி இறங்குவது சகஜம். ஆரம்ப எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிறகு, விதைக் கிண்ணம் நாள் முழுக்கக் கூண்டில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கிளிக்குக் காலையில்தான் நல்ல பசி இருக்கும். அந்த நேரத்தில் பொடியாக நறுக்கிய காயின் மேல் சிட்டிகை தினையைத் தூவி வையுங்கள். தினையைப் பொறுக்கும்போது அலகில் காயும் ஒட்டும். கீரையைக் கிண்ணத்தில் போடாமல் தண்ணீரில் நனைத்து, உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் நாள் அதைப் பார்த்துப் பயப்படும், நாலாம் நாள் கிழிக்கும். அதன் கண் முன்னால் நீங்களும் ஒரு துண்டு சாப்பிடுங்கள். கூட்டத்தில் வாழ்கிற ஜீவன் அது. மற்றவர் தின்பதைத்தான் நம்பும். என் கையிலிருந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பிடுங்கித் தின்ற அதே பறவை, அதே கிழங்கைக் கிண்ணத்தில் வைத்தபோது பாம்பைக் கண்ட மாதிரி சீறியது.

இப்படித் தீனியை மாற்றி முடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. பெல்லட் பாதிக்கு மேல், மீதியில் பெரும்பங்கு காய், கொஞ்சம் பழம், விதை கையால் கொடுக்கும் தின்பண்டம் என்பதுதான் பறவை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பெல்லட் இயற்கையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பொறுக்கித் தின்னும் பறவைக்கு எதிராக அதைவிட நல்ல ஆயுதம் எனக்குக் கிடைக்கவில்லை. லோரி, எக்லெக்டஸ் என்ற கிளி வகைகளை வளர்ப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லோரி, நாக்கின் நுனியில் தூரிகை வைத்துக்கொண்டு தேனும் மகரந்தமும் நக்குகிற சாதி. எக்லெக்டஸுக்குக் காய், பழம்தான் முக்கியம்.

மேடம், எங்களிடம் இருந்த நாலு லவ் பேர்ட்ஸில் ஒன்று போன வாரம் செத்துப்போனது. ஊருக்குப் போகும்போது கிண்ணம் நிறைய வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோதும் கிண்ணம் நிறையத்தான் இருந்தது. நோயா?

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பட்ஜி. நம்மில் பலர் அதைத்தான் லவ் பேர்ட்ஸ் என்கிறோம். உண்மையான லவ் பேர்ட்ஸ் வேறு இனம்.

பார்க்காமல் காரணம் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தக் கிண்ணத்தை எடுத்து மெல்ல ஊதிப் பாருங்கள். பட்ஜி தினையைத் தோலுரித்து உள்ளிருப்பதைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலாகப் பார்த்தால் முழுத் தினை மாதிரியே இருக்கும். ஊதினால் பறந்துவிடும், அடியில் ஒன்றும் மிஞ்சாது. 35 கிராம் பறவை பசி தாங்கும் நாட்கள் மிகக் குறைவு. இதைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இந்த ஏமாற்றத்தில் விழாமல் பட்ஜி வளர்த்தவர்கள் குறைவு. மிச்சமிருக்கும் மூன்றுக்கும் தினமும் ஊதிவிட்டு நிரப்புங்கள். அவற்றில் ஏதாவது மூச்சு விடும்போது ‘கிறீச்’ சத்தம் வந்தால், குரல் மாறினால், அயோடின் குறைவால் தைராய்டு வீங்கியிருக்கலாம். விதை மட்டுமே தின்னும் பட்ஜிகளிடம் இது பழைய கதை. மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதையெல்லாம் கொடுக்கவே கூடாது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அவகாடோ, சாக்லேட், காபி, மது: இவை விஷம், ஒரு துண்டுகூட வேண்டாம். வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட பண்டம் வேண்டாம். ஆப்பிளை விதை நீக்கிக் கொடுங்கள். பீன்ஸ் விதைகளைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், நன்றாகக் கொதித்து வெந்திருக்க வேண்டும். உங்கள் வாயிலிருந்து ஊட்டாதீர்கள், நம் வாய்க் கிருமி அதற்கு ஒத்துவராது. தீனி இல்லை என்றாலும் இதையும் சேர்த்துவிடுகிறேன்: நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடேறினால் வரும் புகை சில நிமிஷங்களில் கிளியைக் கொன்றுவிடும்.

பசலைக்கீரையை ஆசையாகத் தின்கிறது. தினமும் கொடுக்கலாமா?

வாரத்தில் இரண்டு நாள் போதும். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற நாளில் பிராக்கோலி, கேரட் தழை. வைட்டமின் ஏவுக்கு உள்ளே ஆரஞ்சாக இருக்கிற எதுவும் நல்லது: பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி. சிவப்புக் குடைமிளகாயும் சேரும்.

மிளகாயை விதையோடு தின்கிறது. எரியாதா?

எரியாது. காரத்தைத் தரும் கேப்சைசின் நம் நாக்கைச் சுடுவது போலப் பறவையைச் சுடுவதில்லை. விலங்கு தின்னாமல் விரட்டி, விதையைப் பரப்பப் பறவையை மட்டும் அழைக்கிற செடியின் தந்திரம் அது. கிளி மட்டும் இந்த ஒப்பந்தத்தை மதிப்பதில்லை. முதலில் விதையைத்தான் உடைக்கும்.

நிலக்கடலை கொடுக்கலாமா? என் சாம்பல் கிளிக்கு உயிர்.

எனக்கு இஷ்டமில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தீனியில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஓட்டோடு இருக்கிற கடலையில் உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கொடுத்தே தீருவேன் என்றால் மனிதர் தின்னும் தரத்தில், உப்பில்லாமல், எப்போதாவது ஒன்று.

கடலையைவிட முக்கியமான ஒன்று: ஆப்பிரிக்க சாம்பல் கிளிக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருவது மற்ற கிளிகளைவிட அதிகம். கணவாய் ஓடு தொங்கவிடுங்கள். வேகவைத்த முட்டையை ஓட்டோடு நசுக்கி எப்போதாவது கொடுங்கள். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அதற்குத் தேவையான கதிர் வராது, வெளி வெயிலே வேண்டும். குச்சியிலிருந்து தவறி விழுவது, கால் நடுங்குவது தெரிந்தால் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆன்ட்டி, நான் கேரட் கொடுத்தால் என் கிளி கீழே போட்டுவிட்டு என்னையே பார்க்கிறது. எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுகிறது. அதற்குக் கேரட் பிடிக்கவில்லையா? (எட்டு வயது வாசகர்)

உன்னோடு விளையாடுகிறது, கண்ணா. நீ எடுத்துக் கொடுக்கும் வரை அது போட்டுக்கொண்டே இருக்கும். எடுத்துக் கொடு, ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் அலசிவிட்டு. நடுவில் அலகின் ஓரத்தைப் பார். ஆரஞ்சாக ஏதாவது ஒட்டியிருந்தால் ஒரு கடி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். எச்சத்திலும் அந்த நிறம் வரலாம், பயந்துவிடாதே.