தேன் கசக்குது, கெட்டுப்போச்சா?

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் இத்தாலியின் சார்டினியாத் தீவிலிருந்து தேனும் ஆலிவ் எண்ணெயும் வாங்கிவந்தார். தேன் ஒரே கசப்பு, கெட்டுப்போச்சா? அடுத்த மாதம் பிறக்கப்போகும் பேரனுக்கு அதை நாக்கில் தொட்டுச் சேனை வைக்கலாமா? எண்ணெயில் மீன் பொரிக்கலாமா?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: கெடவில்லை அம்மா, கொட்டிவிடாதீர்கள். லேபிளில் 'கோர்பெட்சோலோ' என்று இருக்கிறதா பாருங்கள், அந்தத் தீவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் ஒரு புதர்மரத்தின் தேன் அது, கசப்புதான் அதன் இயல்பு, காப்பி வாசனைகூட லேசாக அடிக்கும், அங்கே பாலாடைக்கட்டியோடு தொட்டுச் சாப்பிடுகிறார்கள். அடியில் சர்க்கரை மாதிரி உறைந்தாலும் பயமில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

சேனை மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த ஊர்த் தேனானாலும் சரி, ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூடக் கூடாது, அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்!

எண்ணெயில் நகரை மீனைப் பொரிக்கலாம், ஆனால் எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்கிற உயர்ரகம் என்றால் காசு வீண், அந்த மணமெல்லாம் சூட்டில் போய்விடும். அவித்த கிழங்கின்மேல் பச்சையாக ஊற்றிச் சாப்பிடுங்கள். அப்புறம், பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள், நம்மூர் வெயிலில் சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும்.