காவிரி வந்த பிறகும் பாலாற்றுக் கிணறு எதற்கு?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், குடிநீர் வாரியப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர்.)

கேள்வி: மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. எல்லா ஊரும் சேர்ந்த கூட்டுத் திட்டம். அப்புறமும் பாலாற்றுக் கிணறுகளுக்கு ஏன் செலவு? – வாசகர், காட்பாடி

பதில்: ஐயா, ஊர்கள் குழாயில்தான் சேர்ந்திருக்கின்றன, பங்கில் இன்னும் சேரவில்லை. கூட்டுத் திட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் கழிவு கிணறுகளைக் கெடுத்த கதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அங்கெல்லாம் வெளித்தண்ணீர் வந்தே ஆக வேண்டும். ஆனால் மேட்டூர்ப் பக்கம் கரண்ட் போனாலும், வழியில் ஒரு பொக்லைன் குழாயில் இடித்தாலும், திருப்பத்தூரும் வேலூரும் ஒரே நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும். அன்றைக்குக் கைகொடுப்பது ஆற்றுமணலில் இறக்கிய கிணறுதான்.

நம் ஊரில் ஒரு கேலி உண்டு: சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981-லேயே வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே வந்தது. மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும், மணலை அள்ளாமல் விட்டால். காவிரி வந்த தெம்பில் கிணற்று மோட்டாரை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டால், அவசரத்துக்கு சுவிட்சைப் போடும்போது உறுமும், சுற்றாது. வாரம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, பற்றாக்குறைக் காலத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பங்கு. வரத்து பாதியானால் முதலில் வரும் ஊர் வால்வை முழுசாகத் திறந்து தன் தொட்டியை நிரப்பிக்கொள்ளும். கடைசி ஊர்க் குழாயில் காற்றுதான் வரும். ஏரிப் பாசனத்தில் கடைமடைக்காரன் ஏமாறக் கூடாதென்றுதான் நீர்க்கட்டி என்று தண்ணீர் திறந்துவிட ஓர் ஆளை வைத்து முறை விட்டார்கள். குழாய்க்கும் முறை வேண்டும். சொந்தக் கிணறு உள்ள ஊர் அந்த வாரம் காவிரியைக் குறைத்துக்கொண்டு, கிணறு கெட்ட ஊருக்கு விட வேண்டும். இதை மாசியிலேயே உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டும். சித்திரையில் மறியல் நடக்கும்போது எவனும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

கேள்வி: 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. இப்போது தண்ணீருக்கு யார் பொறுப்பு? – வாசகி, ஆற்காடு

பதில்: மாவட்ட எல்லை குழாய்க்குத் தெரியாது, அம்மா. பெரிய குழாயை ஓட்டி உங்கள் ஊர்த் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வாரியம். தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது நகராட்சி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவது பழைய வழக்கம். மூன்று கலெக்டர்கள் ஒரே மேசைக்கு வந்தால்தான் பங்கு பேச முடியும். அதுவரை உங்கள் கவுன்சிலரிடம் ஒன்று கேளுங்கள்: தொட்டிக்குத் தண்ணீர் விழும் இடத்தில் மீட்டர் ஓடுகிறதா, அந்த ரீடிங் நோட்டு யாரிடம் இருக்கிறது?