90 போதுமா, 100 வேண்டுமா? ஒட்சிசன் கேள்வி பதில்

நெஞ்சு நோய் வார்டுகளில் 20 வருடத்துக்கு மேல் நின்ற டொக்டர் நான். ஒட்சிசன் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

வெள்ளவத்தை: அப்பாவுக்கு 72 வயது, சீஓபீடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). ஒட்சிசன் நிமிடத்துக்கு 2 லீற்றர் போகிறது, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று பார்க்கும் விரல் மீற்றர் 90தான் காட்டுகிறது. 4 ஆக்கட்டுமா?

குமிழில் கை வைக்காதீர்கள் பிள்ளை. 90 உங்கள் அப்பாவுக்கு நல்ல எண். நிமோனியா மாதிரி வருத்தத்தோடு வரும் பெரும்பாலானவர்களுக்கு 94 முதல் 98 வரை வைத்திருப்போம். சீஓபீடிக்காரர், மிகப் பருத்த உடம்புக்காரர், முதுகெலும்பு வளைந்தவர், மூச்சுத் தசை சோர்ந்தவர் என்றால் 88 முதல் 92 போதும். அதற்கு மேல் ஏற்றினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கலாம்.

பயிற்சி டொக்டராக இருந்த காலத்தில் ஓர் இரவு இப்படி ஒருவருக்கு 10 லீற்றரில் முகமூடி போட்டுவிட்டோம். 98 காட்டியது. முகம் சிவந்து, கை கதகதப்பாக, நல்ல நித்திரை என்றுதான் நினைத்தோம். விடிய நாலு மணிக்குத் தட்டினால் கண்ணைத் திறந்து உடனே மூடுகிறார். கையை நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு கொடி மாதிரி அடிக்கிறது, காபனீரொட்சைட்டு தேங்கிவிட்டது. இறுக்கமான முகமூடி வழியாக மெசினால் மூச்சுக் கொடுத்துத்தான் மீட்டோம்.

இன்னொன்று: விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, ஒரு நிமிடம் பொறுத்து எண்ணை வாசியுங்கள்.

தெஹிவளை: 100 காட்டினால் இன்னும் நல்லதுதானே?

ஒட்சிசன் இல்லாமலே 100 என்றால் சந்தோஷம். ஒட்சிசன் கொடுத்து 100 என்றால் குறைக்கலாம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் நிறைந்த பிறகு ஹோல்ட்டில் பத்துப் பேர் நிற்கிறார்களா நூறு பேரா என்று பஸ்ஸுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் அப்படித்தான், நிறைந்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று மீற்றர் சொல்லாது.

கொட்டாஞ்சேனை, மருத்துவ மாணவர்: சீஓபீடிக்காரருக்கு ஒட்சிசன் கொடுத்தால் மூச்சே நின்றுவிடும், கொடுக்கக்கூடாது என்றுதானே சேர் படித்தோம்?

தம்பி, இந்தப் பாடம் ஆளைக் கொல்லும். ஒட்சிசன் இல்லாமை நிமிடங்களில் கொல்லும். காபனீரொட்சைட்டுக்கு மணிக்கணக்கு வேண்டும். 80இல் கிடப்பவருக்குக் கட்டாயம் கொடு. 88 முதல் 92க்குள் நிறுத்து. மூச்சுத் தூண்டல் குறைவது கதையில் சின்னப் பங்குதான். நுரையீரலில் காற்று போகாத இடத்துக்கும் இரத்தம் திருப்பிவிடப்படுவதும், ஒட்சிசன் ஏறிய ஹீமோகுளோபின் காபனீரொட்சைட்டைக் கைவிடுவதுமே பெரிய காரணங்கள்.

அதே மாணவர்: அப்படியானால் அளந்து கொடுப்பதால் உயிர் தப்பியதற்குச் சான்று உண்டா? காபனீரொட்சைட்டு ஏறிவிட்டால் உடனே கழற்றலாமா?

சான்று உண்டு. தாஸ்மேனியாவில் அம்புலன்ஸில் வந்த நோயாளரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு: ஒட்சிசன் அள்ளிக் கொடுக்கப்பட்டவர்களில் 9 வீதம் இறந்தார்கள், அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 வீதம். சடாரென்று மட்டும் கழற்றாதே. ஒட்சிசன் முன்பிருந்ததைவிடக் கீழே விழும். ஒட்சிசன் வீதத்தை அளவாக வைத்துக் கொடுக்கும் வென்சூரி முகமூடிக்கு மாற்றிப் படிப்படியாக இறக்கு. அடைப்பு நீலம் என்றால் 24 வீதம், வெள்ளை 28. எத்தனை லீற்றர் என்று முகமூடியின் அடைப்பிலேயே எழுதியிருக்கும், வாசி.

பம்பலப்பிட்டி: மாரடைப்பு என்றால் 97 இருந்தாலும் ஒட்சிசன் வேண்டாமா?

வேண்டாம். 6000க்கு மேற்பட்டவர்களோடு சுவீடனில் நடந்து 2017இல் வந்த ஆய்விலும் பலன் காணவில்லை. அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

மட்டக்குளி: அம்மாவுக்கு 91. கூட்டட்டுமா?

வெள்ளவத்தைக்குச் சொன்னதை வாசியுங்கள். என்ன வருத்தம் என்றே எழுதாமல் 91ஐ வைத்து நான் என்ன சாத்திரமா பார்ப்பது? விரலைச் சூடாக்கிப் பார்த்தீர்களா?

வத்தளை: வீட்டு ஒட்சிசன் மெசின் எங்கே மலிவு?

பாமசியைக் கேளுங்கள்.

கிருலப்பனை: கறன்ட் போய் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓடியது. எல்லோருக்கும் தலையிடி. மீற்றரில் 99, பயமில்லைதானே?

பயம்தான்! ஜெனரேட்டர் புகையில் வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் மீற்றர் ஒட்சிசன் என்றே காட்டும். வெளியே ஓடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே முகமூடியில் 15 லீற்றர் கொடுப்பார்கள். நான் இதுவரை சொன்ன இலக்குகள் எதுவும் இதற்குப் பொருந்தாது.

மோதரை: ஒட்சிசன் மெசின் சத்தத்தால் அப்பம்மாவுக்கு நித்திரை இல்லை. சாமியறையில் வைக்கலாமா?

விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்திலா? நீளக் குழாய் வாங்கி ஹோலில் வையுங்கள். குசினிப் பக்கமும் வேண்டாம். இரவு அளப்பதென்றால், முதலில் அப்பம்மாவின் விரலை...