அடிபட்ட காரை எந்த ஷெட்ல விடறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாண்டியிலருந்து வீட்டுக்கு வரும்போது கன்னியக்கோவில்கிட்ட ஒரு லோடு வேன் எங்க காரோட முன்பக்கம் இடது மூலையில இடிச்சிடுச்சு. நல்லவேளை யாருக்கும் அடி இல்ல. கார் வாங்கி மூணரை வருஷம் ஆகுது. இன்சூரன்ஸ்ல பாண்டியில ஒரு கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப் (பில்ல கம்பெனியே நேரா கட்டிடும்) சொல்றாங்க, எங்க வீட்டுக்காரர் ஆல்பேட்டையில தெரிஞ்ச டிங்கர் பாதி காசுல முடிச்சுடுவார்ங்கறார், ரெக்கவரி வண்டிக்காரர் வேற ஒரு ஷெட்டுக்கு போங்கங்கறார். எங்க விடறது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ரெக்கவரிக்காரருக்கு இழுத்த கூலி குடுத்து அனுப்பிடுங்க, ஷெட் எதுன்னு அவர் முடிவு பண்ண வேணாம். மீதி ரெண்டுல எதுன்னா, அடி எவ்வளவு உள்ள போயிருக்குன்னு பாத்துட்டுதான் சொல்ல முடியும், காசு கணக்க அப்புறம் வச்சுக்கலாம்.

இப்ப வர்ற கார் பெரும்பாலானதுல லாரிக்கு இருக்கற மாதிரி தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். பம்பருக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் நீளமா ஒரு இரும்பு பாக்ஸ் ஓடும், லாங் மெம்பர்னு சொல்வாங்க, அதுக்கு மேல வீல் பக்கமா ஏப்ரன். வண்டி மோதும்போது இதுங்க மடங்கி அடிய வாங்கிக்கிட்டாதான் உள்ள உக்காந்திருக்கறவங்க தப்பிப்பாங்க. அது மடங்கியிருந்தா கண்ணால பாத்து நிமிர்த்தற வேலை இல்ல, பாடிய பெஞ்ச்ல (வண்டிய பிடிச்சு வச்சு அளக்கற இரும்பு மேடை) மாட்டி கார் கம்பெனி அளவோட ஒப்பிட்டு பாத்து மிஷின்ல இழுக்கணும், சில சமயம் அந்த துண்டையே வெட்டி புதுசு வைக்கணும். கேஸ் வச்சு சூடு காட்டி நிமிர்த்திடறேன்னு யாராவது சொன்னா வண்டிய அங்க விடாதீங்க. அந்த ஸ்டீல் சூடு பட்டா பலம் போயிடும், அப்புறம் வெளிய பெயிண்ட் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அடுத்த அடியில உங்க குடும்பத்த காப்பாத்தாது.

நீங்களே கொஞ்சம் பாக்கலாம். பானெட்ட மூடினா ரெண்டு பக்க இடைவெளியும் ஒண்ணா இருக்கா, இடது பக்க கதவு உரசாம மூடுதா, முன் வீல் பின்னாடி தள்ளின மாதிரி நிக்குதா, கீழ தண்ணி ஒழுகுதா, ஏர்பேக் லைட் எரியுதா. இதுல ஒண்ணு இருந்தாலும் பெஞ்ச் இருக்கற ஒர்க்‌ஷாப்தான், பாண்டிக்கே அனுப்புங்க, ஓட்டிக்கிட்டு போகாம ஏத்தி அனுப்புங்க. எதுவும் இல்ல, சர்வேயர் (சேதத்த மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பறவர்) வந்து பாத்த பிறகு டிங்கரும் பம்பர கழட்டி பாத்துட்டு லாங் மெம்பர் நல்லா இருக்குன்னு காட்டறார், பெண்டர் பம்பர் ஹெட்லைட்டோட அடி நின்னுடுச்சுன்னா ஆல்பேட்டை டிங்கர்கிட்ட தாராளமா குடுங்க. பெரிய ஒர்க்‌ஷாப்ல பெரும்பாலும் பழச தூக்கிப் போட்டு புது பேனல் மாட்டிடுவாங்க, கை தேர்ந்த டிங்கர் உள்பக்கம் டாலி (கையில பிடிக்கற இரும்புக் கட்டை) வச்சு தட்டியே எடுத்துடுவார், பள்ளத்த நிரப்ப பூசற பட்டியும் மெல்லிசா போதும். அந்தக் கைவேலைக்கு நான் ரொம்ப மரியாதை வச்சிருக்கேன்.

எங்க விட்டாலும் ஒண்ணே ஒண்ண கேளுங்க: "பட்டி போடறதுக்கு முன்னாடி, தகடு வெறுமனே இருக்கும்போது நான் வந்து பாக்கலாமா?" நல்ல கடைக்காரர் தாராளமா வாங்கன்னு சொல்வார், போட்டோவும் எடுத்து அனுப்புவார். வேணாம், பெயிண்ட் முடிஞ்சதும் கூப்பிடறேன்னு மழுப்பினா அங்கேயே தெரிஞ்சுக்கலாம், ஏன்னா பள்ளத்துல கட்டி கட்டியா பட்டிய அப்பி மேல பெயிண்ட் அடிச்சுட்டா அப்புறம் யாருக்கும் தெரியாது (பட்டி தடிமனா இருந்தா காந்தம் சரியா ஒட்டாது, சின்ன காந்தம் ஒண்ணு கையில வச்சுக்கங்க). நம்ம ஊர் உப்புக்காத்துக்கு இன்னும் கவனமா இருக்கணும். வெல்டிங் வச்ச இடத்துல துரு தடுக்கற ப்ரைமர், ஜாயின்ட்ல சீலன்ட், அடியில அண்டர்பாடி கோட்டிங் மூணும் உண்டான்னு கேட்டு எஸ்டிமேட்லயே எழுதி வாங்கிக்கங்க, இல்லன்னா துரு உள்ளயிருந்து கிளம்பி பெயிண்ட் கொப்பளம் கொப்பளமா வரும்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வரேன். கேஷ்லெஸ் கடையிலதான் விடணும்னு கட்டாயம் கிடையாது, வேற கடைன்னா முதல்ல நீங்க கட்டி பில்ல குடுத்து திரும்ப வாங்கிக்கணும், ஆனா கம்பெனிக்கு சொல்லி சர்வேயர் பாக்கற வரைக்கும் ஒரு போல்ட் கூட கழட்ட விடாதீங்க. சாதா பாலிசின்னா பாகம் பழசாயிடுச்சுன்னு தேய்மானம் கழிப்பாங்க, உங்க வண்டி வயசுக்கு இரும்பு பாகத்துக்கு 25 சதவீதம், பம்பர் மாதிரி பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம், கண்ணாடிக்கு கழிவு இல்ல. ஜீரோ டெப்னு கூடுதலா காசு கட்டி எடுத்திருந்தா இந்த கழிவெல்லாம் வராது. அது போக இன்ஜின் 1500 சிசி வரைக்கும் 1,000 ரூபா, அதுக்கு மேல 2,000 ரூபா எப்படியும் உங்க கையிலருந்துதான். இத போட்டு பாத்தா "பாதி காசு" நிஜமாவே பாதியான்னு தெரிஞ்சிடும். உங்க பங்கயும் பில்லுல ஏத்தி வாங்கிடலாம்னு சொல்ற கடை வேணவே வேணாம், கம்பெனிக்கு பொய் பில் எழுதறவர் உங்களுக்கு டூப்ளிகேட் ஸ்பேர் போட்டு ஒரிஜினல்னு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: பின் பம்பர்ல சின்ன கீறல், 4,000 ரூபா ஆகும்ங்கறாங்க. நாலு வருஷமா க்ளெய்மே பண்ணல. இப்ப பண்ணலாமா?
- வில்லியனூர் வாசகர்

பதில்: பண்ணாதீங்க தம்பி. நாலு வருஷத்துக்கு 45 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) சேந்திருக்கு, இந்த வருஷமும் க்ளெய்ம் இல்லாம போனா 50 ஆகும், க்ளெய்ம் போட்டா பூஜ்யம். சாதா பாலிசின்னா 1,000 ரூபாயும் பிளாஸ்டிக் கழிவும் போக வர்ற காசு ரொம்ப கொஞ்சம்தான். போனஸ் ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு (உங்க வண்டி சேதத்துக்காக கட்டற பங்கு) மட்டும்தான், பாலிசியில அந்த தொகைய பாத்து கணக்கு போட்டுக்கங்க.

கேள்வி: சில்வர் கலர் வண்டி, ஒரு கதவு மட்டும் பெயிண்ட் பண்ணேன், வெயில்ல பாத்தா தனியா தெரியுது. கலர் கோடு சரிதான்ங்கறார் கடைக்காரர்.
- அரியாங்குப்பம் வாசகர்

பதில்: கோடு சரியா இருந்தாலும் மெட்டாலிக்ல இப்படி வரும், ஸ்ப்ரே கன் பிரஷர் மாறினாலே பெயிண்ட் உள்ள இருக்கற உலோகப் பொடி வேற மாதிரி படிஞ்சிடும், போதாததுக்கு உங்க பழைய பெயிண்ட் வேற வெயில்ல வெளுத்திருக்கும். பக்கத்து கதவு, பெண்டர் வரைக்கும் கலர மெல்ல கலந்து விட்டு மேல முழுசா க்ளியர் கோட் (நிறமில்லாத பளபளப்பு பூச்சு) அடிக்கணும், அத செஞ்சு தாங்கன்னு கேளுங்க, பகல் வெளிச்சத்துல பாத்துட்டு வண்டிய எடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில திறந்த ஷெட்ல அடிக்க விடாதீங்க, ஈரக்காத்துல க்ளியர் கோட் மங்கிடும். பூத் (பெயிண்ட் அடிக்கற மூடின அறை) இருக்கற கடையா பாருங்க, இல்ல தை பொறக்கட்டும்.