பையனுக்கு ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்), 3 வாரமாகியும் மாத்திரை கேட்கவில்லை. டாக்டரை மாற்றலாமா?

3 வாரம் போதாது. ஓசிடிக்குச் சரியான அளவை எட்டிய பிறகும் 8 முதல் 12 வாரம் பார்க்கவேண்டும் என்பார்கள். பிள்ளைகளுக்குக் குறைந்த மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். உங்கள் பையன் இன்னும் அந்த அளவுக்கே வந்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

என் மகளுக்குக் கை கழுவுவதுதான். விரல் மூட்டெல்லாம் வெடித்து, தோசைக்குச் சட்னி தொட்டால் எரியும். முதலில் ஃப்ளுவாக்செடின் கொடுத்தார்கள். கழுவுவது குறையவில்லை, தூக்கம்தான் போனது. ராத்திரியில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். உட்கார் என்றால் "முடியலம்மா" என்று அழுவாள். நோய் முற்றிவிட்டது என்றார் என் மாமியார். டாக்டருக்கு போன் செய்தால், சில பிள்ளைகளுக்கு இந்த மாத்திரையே இப்படிப் படபடப்பைக் கிளப்பும் என்று சொல்லி செர்ட்ராலினுக்கு மாற்றினார். இந்த வகை மாத்திரைகள் 18 வயதுக்குட்பட்ட சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்று அமெரிக்காவில் 2004இல் எச்சரிக்கையே விட்டார்கள். உடனே "பிள்ளைக்கு விஷம் கொடுத்தாயா" என்று யாரும் கிளம்பி வராதீர்கள். முதல் சில வாரமும் அளவு ஏற்றும்போதும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, இலவசம்.

செர்ட்ராலின் கேட்கிறது என்று எனக்குக் காட்டியது சோப்புதான். புது சோப்பு பிரிக்கும்போதெல்லாம் காலண்டரில் ஒரு கோடு போடுவேன். அளவு ஏற்ற ஏற்ற, கோடுகளுக்கு நடுவே தேதிகள் கூடின. டாக்டர் அந்தக் காலண்டரைப் புரட்டிப் பார்த்துத்தான் அடுத்த அளவை முடிவு செய்வார். "பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டிருந்தால் நான் என்னத்தைச் சொல்லியிருப்பேன்? கூடவே, அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழக்கும் பயிற்சியும் நடந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலுக்கும் போனோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அங்கேயும் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இன்சூரன்ஸ் எடுக்கும்போது மகளுக்கு இருப்பதை மறைக்காமல் எழுதினோம். "மெண்டல் கேஸுக்கெல்லாம் கிடையாதும்மா" என்று கையை விரித்துவிட்டார் ஏஜென்ட். உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017 மனநலச் சட்டம், 21ஆம் பிரிவில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சுகர் இருப்பவரிடம் இந்த மாதிரி வார்த்தை பேசுவாரா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, அளவை ஏற்றிப் பார்க்காமலேயே மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்றால் தாராளமாக வேறு இடம் பாருங்கள். ஆனால் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்றுதான் புது டாக்டர் முதலில் கேட்பார்.