"உன் ஷூவப் பாத்தாலே எரிச்சலா வருதுங்கறா"

கேள்வி: அக்கா, எனக்கு கம்பம், வயசு 29, பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கு. லீவு கெடச்சா மலைதான், கொழுக்குமலை, மீசப்புலிமலை எல்லாம் ஏறியாச்சு. மூணு வருசமா ஒரு பொண்ண லவ் பண்றேன், வண்டிப்பெரியாறு எஸ்டேட் குடும்பம், குமுளில ஏலக்கா கடைல வேல பாக்குது. இப்ப எனக்கு அகத்தியர்கூடத்துக்கு பாஸ் கெடச்சிருக்கு, அதே வாரம்தான் அவ அக்காவுக்கு நிச்சயம். நானா மலையான்னு முடிவு பண்ணு, உன் சேறு பிடிச்ச ஷூவப் பாத்தாலே எரிச்சலா வருதுங்கறா. நான் என்ன குடிச்சனா, சூதாடுனனா? மலைக்குப் போறது தப்பா?

பதில்: தப்பு இல்ல தம்பி. ஆனா குடிக்கலையே, சூதாடலையேன்னு சொல்ற ஆம்பளைங்களப் பாத்தா எனக்கே கொஞ்சம் எரிச்சல் வரும், அத மொதல்ல சொல்லிடறேன்.

எங்க வீட்டுக்காரரும் இந்த கேஸ்தான். கல்யாணம் ஆன புதுசுல குரங்கணிலருந்து டாப் ஸ்டேஷன் ஏறிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் வந்துர்றேன்னு போனாரு, ஆறாச்சு, ஏழாச்சு, போன் போட்டா தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுது, நான் வாசலுக்கும் அடுப்புக்குமா நடந்து வச்ச ரசத்த மூணு தடவ சூடு பண்ணி அது கசந்தே போச்சு, மனுசன் பத்து மணிக்கு போடிமெட்டு பஸ்ல எறங்கி வந்து, மூணாறுல டீ குடிச்சிட்டு இருந்தேன்னு சிரிக்கறாரு. கால்ல அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் நிக்கல, அதக் காட்டி பெருமை வேற. அன்னைக்கு எனக்கு மலை மேல கோவமே இல்ல, அந்த அஞ்சு மணி மேலதான் கோவம்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இந்தப் பயம் சும்மா வர்றதில்ல. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை, குரங்கணி காட்டுத்தீல மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் நம்ம ஊர்ப் பொம்பளைங்ககிட்ட சிக்னல் இல்லன்னு சொன்னா காதுல வேற மாதிரிதான் விழும். பழைய திணைக் கணக்குல மலைன்னா குறிஞ்சி, கூடுறது. ஆனா நீங்க மட்டும் மலைக்குப் போய்ட்டா அந்தப் பொண்ணுக்கு மிஞ்சுறது முல்லைதான், காத்துக்கெடக்கறது.

இப்ப அகத்தியர்கூடம். போனக்காட்டுல ஆரம்பிச்சு அதிருமலைல தங்கி 1868 மீட்டர் உசர உச்சிக்கு ஏறி எறங்க மூணு நாள், கம்பத்துலருந்து திருவனந்தபுரம் போய் வர்றதச் சேத்தா அஞ்சு நாள் ஆயிடும். ஜனவரிலருந்து கொஞ்ச நாள்தான் தொறப்பாங்க, பாஸ் கெடைக்கறதும் கஷ்டம், எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த வருசம் விட்ருங்க. மூணு வருச லவ்வு, ரெண்டு வீட்டுச் சொந்தமும் ஒண்ணா உங்களப் பாக்கப் போறது அந்த நிச்சயத்துலதான், அங்க நீங்க இல்லன்னா நாளைக்கு உங்க பேச்ச எடுக்க அந்தப் பொண்ணுக்கு வாயே இருக்காது. அகத்தியர் பொதிகைய விட்டு எங்கயும் போக மாட்டாரு, அடுத்த ஜனவரிக்கும் அங்கதான் இருப்பாரு.

அதுக்காக மலையவே விடச் சொல்லல. மாசத்துக்கு ஒரு ஞாயிறு உங்களுக்குன்னு பேசி வைங்க, மிச்ச ஞாயிறெல்லாம் அவங்களோடது. அப்படிப் போய்ட்டு வந்துட்டு மறுநாள் போன ஆஃப் பண்ணித் தூங்கறது கூடாது, நீங்க அதப் பண்ற ஆள்னு தோணுது. எறங்கற நேரம் ஏழுன்னு தோணுச்சுன்னா ஒன்பதுன்னு சொல்லுங்க, சிக்னல் வர்ற மொத வளைவுலயே நின்னு போன் பண்ணுங்க. தீ சீசன்ல பாதைய மூடிருந்தா வேற வழியா நைசா ஏறலாம்னு நெனைக்கவே கூடாது.

கூடவே கூட்டிட்டுப் போய்ட்டா சரியாயிடும்னு சில பேரு சொல்லுவாங்க. 2019 ஜனவரிலருந்து அகத்தியர்கூடத்துக்கு பொண்ணுங்களும் போறாங்க, கேரள ஹைகோர்ட் அனுமதிச்ச பிறகு. வர்றியான்னு ஒரு தடவ கேளுங்க, வரலன்னா விட்ருங்க. எஸ்டேட்ல கொழுந்து பறிச்சு வளந்த வீட்டுப் பொண்ணு, மலை ஏறி எறங்கறது அந்த வீட்டுல கூலி வேல, உங்களுக்கு அது பொழுதுபோக்கு. இத யோசிச்சிருக்கீங்களா?

நிச்சயத்துக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை எடுத்துட்டுப் போங்க. செருப்பு போட்டுட்டுப் போங்க, அந்த ஷூ வேணாம்.