யூனிட் கணக்கும் மூட்டைக் கணக்கும்

வாசகர் கேள்வி பதில்: கரண்ட் பக்கம்
பதில் சொல்பவர்: மின் வருவாய்ப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற சேலத்துக்காரர்

கேள்வி: ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி வைத்திருக்கிறேன். எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு. கட்டணம் ஏன் ஏறுகிறது என்று கேட்டால், வெளியில் வாங்கும் மின்சாரம் விலை அதிகம் என்கிறார்கள். சரி, யாரிடம் வாங்குகிறீர்கள், யூனிட் என்ன விலை, எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டேன். ‘பிரிவு 8(1)(டி), வர்த்தக ரகசியம், தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள். நாம் கட்டும் பணத்தில் வாங்குவதில் நமக்குத் தெரியாமல் என்ன ரகசியம்?
வாசகர், ஆத்தூர்

பதில்: கோபம் நியாயம்தான் ஐயா. ஆனால் அந்த 8(1)(டி)-யைத் திட்டாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பட்ட ஒரு அவமானத்தைச் சொன்னால் புரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ரீடிங் எடுக்கப் போன இடத்தில் ஒரு சேகோ முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில், “பக்கத்து மில்லுல இந்த மாசம் எவ்வளவு ஓடியிருக்குங்க தம்பி?” என்றார். கையில் ரீடிங் புத்தகம் இருந்தது. பெருமையாகப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மோட்டார் ரூம் சுவரிலேயே வகுத்தார். தன் மில்லில் ஒரு மூட்டைக்கு எத்தனை யூனிட் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வகுத்தால் பக்கத்து மில்லின் மூட்டைக் கணக்கு வந்துவிடுகிறது. “ஓஹோ, ராத்திரி ஷிப்டும் ஓட்டறானா” என்றார். அடுத்த வாரமே ஜவ்வரிசிக்கு வேண்டிய குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளி) மாவுச்சத்துப் பாயிண்டுக்கு இவ்வளவு கூட என்று விலையை ஏற்றிவிட்டு, அங்கே போகவேண்டிய லாரிகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மாசம் திரும்பி நான் அந்தப் பக்கத்து மில்லுக்குப் போனபோது அந்தப் பெரியவர் திட்டவில்லை. “என் கணக்கு உங்க புத்தகத்துல மட்டும்தானே தம்பி இருந்துச்சு?” என்று கேட்டார். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போட்டிக்காரன் கைக்குப் போனால் ஒருவன் பிழைப்பில் மண் விழும் தகவல். சட்டம் காப்பாற்ற நினைப்பது அதைத்தான். 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அந்தப் பிரிவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘வர்த்தகம்’ என்று பேர் இருந்தால் போதும், மூடி வை என்று அதில் இல்லை. வெளியிட்டால் மூன்றாம் தரப்பின், அதாவது கேட்பவரும் அலுவலகமும் அல்லாத இன்னொருவரின், போட்டி நிலைக்குக் கேடு வரவேண்டும். அப்படிக் கேடு வந்தாலும், பொதுநலன் அதைவிடப் பெரிது என்று அதிகாரி கருதினால் கொடுக்கலாம்.

இப்போது உங்கள் கேள்வியை இந்தத் தராசில் வையுங்கள். டெண்டர் கவர் பிரிக்கும்வரை உள்ளே இருக்கும் விலை ரகசியம். அதில் சண்டையே இல்லை. கவர் பிரித்து, விலை படிந்து, ஒப்பந்தமும் போட்டு, அந்த விலையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்றுக்கொண்ட பிறகு யாருக்கு எதை மறைப்பது? 2003 மின்சாரச் சட்டத்தில் 86-ஆம் பிரிவு, மின்சாரக் கொள்முதலையும் அதன் விலையையும் ஆணையத்தின் கண்காணிப்பில்தான் வைத்திருக்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, ஆணையம் தன் வேலையை வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்கிறது. 64-ஆம் பிரிவுப்படி கட்டண மனுவைச் சுருக்கமாகவாவது பிரசுரிக்க வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே உத்தரவு போட முடியும். என்ன விலைக்கு வாங்கினார்கள் என்றே தெரியாதவன் எதை வைத்து ஆட்சேபிப்பது?

இன்னொன்று. 2022 செப்டம்பர் 9-ஆம் தேதி வந்த கட்டண உத்தரவை எடுத்துப் பாருங்கள். தலையணை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். கட்டண அட்டவணைக்கு நேராகப் போகாமல், மின் கொள்முதல் அத்தியாயத்தைப் பிடியுங்கள். எந்த வகையில் எவ்வளவு வாங்கினார்கள், என்ன செலவு என்று அட்டவணை போட்டிருக்கிறது. ஆணையமே அச்சடித்துக் கொடுத்ததை ஒரு அலுவலகம் ரகசியம் என்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

எல்லாமே கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். மின்சாரம் விற்கும் தனியார் கம்பெனி எந்த வியாபாரியிடம் நிலக்கரியை என்ன விலைக்குப் பேசி வாங்குகிறது, இயந்திரம் வாங்கியதில் என்ன தள்ளுபடி என்பதெல்லாம் அவர்கள் வீட்டுச் சமாச்சாரம். அதைக் கேட்டால் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நிலக்கரிச் செலவையே உங்கள் பில்லில் ஏற்றச் சொல்லி அவர்கள் ஆணையத்திடம் வந்தால் கதை வேறு. அப்போது வீட்டுச் சமாச்சாரம் வீதிக்கு வந்தாகத்தான் வேண்டும். என் கருத்து இது. வக்கீல்கள் இதற்கு எதிராகவும் வாதாடுவார்கள்.

இனி செய்ய வேண்டியது. பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். நான்கு பக்கம் வேண்டாம், இது போதும்: “தகவல் உரிமைச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி அந்த நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பினீர்களா, என்ன தேதியில்? அவர்களுக்கு வரும் கேடு என்ன என்று சொன்னார்களா? ஒப்பந்தத்தில் உண்மையிலேயே ரகசியமான வரிகள் இருந்தால் 10-ஆம் பிரிவின்படி அவற்றை மட்டும் அடித்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.” மூன்றாம் தரப்பின் தகவலைத் தரலாம் என்று அதிகாரி நினைத்தால் ஐந்து நாளுக்குள் அவர்களுக்கு அறிவிப்பு போக வேண்டும், பதில் சொல்ல அவர்களுக்குப் பத்து நாள். ஒரே வரியில் மறுத்தவர்கள் அதுவரை போயிருக்கவே மாட்டார்கள் என்று தோன்றுகிறது. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பாரமும் மறுத்தவர் தலையில்தான். 19(5) அதைச் சொல்கிறது. அங்கேயும் கையை விரித்தால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

2015-இல் வங்கிகளின் ஆய்வறிக்கைகளைத் தர ரிசர்வ் வங்கி மறுத்த வழக்கில், வங்கிகளுக்கும் அதற்கும் நம்பிக்கைக் காப்பு உறவு எதுவும் இல்லை, பொதுநலன்தான் அதன் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது, நம்பி ஒப்படைத்த தகவலைப் பற்றிய ‘இ’ உட்பிரிவு, உங்களுக்கு வந்தது ‘டி’. அப்படியே பொருந்தாது. இருந்தாலும் மேல்முறையீட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தை ஒட்டி ஒருவர் வீட்டை விடுதியாக்கி வாடகைக்கு விடுகிறார். வீட்டு இணைப்பிலேயே ஓட்டுகிறார் என்று சந்தேகம். அவர் எத்தனை யூனிட் எரிக்கிறார் என்று தகவல் கேட்டால் கொடுப்பார்களா?
வாசகி, ஏற்காடு

பதில்: கொடுக்க மாட்டார்கள் அம்மா, கொடுக்கவும் கூடாது. மேலே சொன்ன மோட்டார் ரூம் சுவர் உங்களுக்கும் பொருந்தும். எந்தச் சனி, ஞாயிறு அறைகள் நிரம்பின, எந்த மாசம் காற்றாடியது என்பதை மீட்டர் சொல்லிவிடும். நீங்களும் தோட்டத்தில் நாலு அறை வாடகைக்கு விடுபவராக இருந்தால் அது போட்டிக்காரர் கணக்கு. (இல்லை என்றால் மன்னிக்கவும்.)

உங்களுக்கு வேண்டியது யூனிட் இல்லை, டாரிஃப், அதாவது எந்தக் கட்டண வகை என்பது. வீட்டுக்கு ஒன்று-ஏ, கடை, விடுதிக்கு ஐந்து. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடக்கிறது என்று செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்து, புகாருக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்து உண்மை என்றால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் விடுதி வகைக் கட்டணத்தின் இரண்டு மடங்கு போடுவார்கள். பிறகு உங்கள் புகார் மீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: கட்டணம் பற்றிய கருத்துக்கேட்பு சேலத்தில் நடக்குமா? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், ஒரு நாள் பட்டறையைப் பூட்டினால் கட்டுப்படியாகாது.
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: 2022-இல் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று இடத்தில்தான் நடத்தினார்கள். நம் ஊர்க்காரர்கள் கோவைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது. பட்டறையைப் பூட்ட வேண்டாம். எழுதி அனுப்பினாலும் ஆணையம் பரிசீலித்தாக வேண்டும். பொதுவாக ‘கட்டணத்தைக் குறையுங்கள்’ என்று எழுதாமல், உங்கள் பில்லில் எந்த வரி உறுத்துகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். பில் நகல் வைத்தால் மற்ற கணக்குகளைப் பேனாவால் மறைத்துவிட்டு வையுங்கள். அனுப்பிய கடிதத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கக் கேட்கலாம், எதிர்ப் பட்டறைக்காரர் உள்பட.